பல்கலைக்கழகத்துக்கு முன் இரண்டு ஆண்டுகள்: தேசிய சேவை அனுபவப் பகிர்வு

ஈசூன் மாணவன்:

பள்ளிப் படிப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் ஓராண்டை ஒதுக்கித் தொண்டு செய்வது பல நாடுகளில் அவரவர் விருப்பம். சிங்கப்பூரில் அது விருப்பமன்று; 1967ஆம் ஆண்டு முதல் சட்டம். பதினெட்டு வயதை எட்டிய ஆண் குடிமக்களும் இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசிகளும் ராணுவத்திலோ காவல்துறையிலோ குடிமைத் தற்காப்புப் படையிலோ முழுநேர தேசிய சேவையாளர்களாக இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். உடற்தகுதித் தேர்வில் முன்கூட்டியே நல்ல புள்ளிகளைப் பெற்றவர்களுக்கு அதில் இரண்டு மாதங்கள் வரை குறையும். அடுத்து சேரவிருக்கும் தம்பிகள் பலர் பயிற்சி எவ்வளவு கடினமாக இருக்கும் என்று கேட்டபடி இருப்பதால், முடித்துவிட்டு இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான் தொடங்கி வைக்கிறேன். என்னைக் கேட்டால் பயிற்சி கடினமே அன்று. அதற்குப் பிந்திய காலம்தான் கடினம்.

முதல் நாளில் சாங்கியிலிருந்து படகேறி புலாவ் தெக்கோங் தீவுக்குப் போவோம். குடும்பத்தாரும் கூடவே வரலாம். நாம் உறுதிமொழி எடுப்பதை அவர்கள் பார்ப்பார்கள், படுக்கப்போகும் கட்டிலைப் பார்ப்பார்கள், முகாம் உணவுக்கூடத்தில் நம்மோடு அமர்ந்து மதிய உணவும் சாப்பிடுவார்கள். சோறு நன்றாக வெந்திருக்கிறது என்று என் அம்மா மூன்று முறை சொன்னார். வேறு எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர்கள் படகேறிச் சென்ற பிறகு ஒவ்வொருவராக மொட்டையடித்துவிட்டார்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்கு வீட்டுக்கு விடவில்லை.

அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் வரும். திட்டு எல்லா மொழிகளிலும் வரும். இரவில் படுக்கும் முன் அனைவரும் வரிசையில் நின்று, தண்ணீர்ப் புட்டியை முழுவதும் குடித்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். வெளிக்களப் பயிற்சியில் குளியல் கிடையாது. உடம்பெல்லாம் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொள்வதற்குத்தான் அங்கே குளியல் என்று பெயர். தெக்கோங்கின் செம்மண்ணில் ஆள் படுக்குமளவு குழியை அவரவரே வெட்ட வேண்டும். நாங்கள் வெட்டி முடித்த மாலையில் மழை பிடித்துக்கொண்டது. குழியில் நின்ற தண்ணீரைத் தலைக்கவசத்தால் மொண்டு கொட்டினோம். அன்றிரவு பெற்றோர் எழுதியனுப்பிய கடிதங்களைக் கொடுத்தார்கள். என் அம்மா தமிழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒன்றரைப் பக்கம் என் தங்கை என் அறையை எடுத்துக்கொண்டதைப் பற்றிய நியாயம். பக்கத்துக் குழியில் இருந்த நண்பன் தன் கடிதத்தைக் கைவிளக்கில் படித்துவிட்டு எதுவும் பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மோட்டார் பழுதுபார்ப்பு படித்தவன். துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டுவதில் எங்கள் பிரிவில் அவனை மிஞ்ச ஆளில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான தொடக்கக் கல்லூரியை முடித்து வந்த நாங்கள் கையேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் எங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தான். பதினெட்டு வயது வரை என்னோடு படித்தவர்கள் எல்லாரும் என்னைப் போன்றவர்களாகவே இருந்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

இவையெல்லாம் சில மாதங்களில் முடிந்துவிடும். அதன்பின் ஒரு படைப்பிரிவுக்கு அனுப்புவார்கள். என்னைத் தகவல்தொடர்புப் பிரிவில் போட்டார்கள். வானொலிக் கருவிகளை எண்ணுவது, மின்கலங்களுக்கு மின்னூட்டுவது, பயிற்சிக்குக் கொண்டு போவது, திரும்பக் கொண்டு வந்து எண்ணுவது. வேலை இருக்கும் நாள்களில் மூச்சு விட நேரம் இருக்காது, இல்லாத நாள்களில் நேரம் நகராது. என்னோடு படித்த பெண்கள் அதற்குள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆய்வுக்கூடங்களைப் பற்றியும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு செல்வதைப் பற்றியும் படங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதலாண்டு மாணவனாக உள்ளே நுழைந்தபோது அவர்கள் மூன்றாமாண்டு. அதைப் பொறாமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரயிறுதியில் அவர்களைச் சந்தித்தால் பேச்சு சுருங்கிவிடும். படித்த கணிதமும் கைவிட்டுப் போனது: தொகையிடல் (integration) கணக்குகள் எப்படி மறந்தன என்பதும் தெரியவில்லை, எப்போது மறந்தன என்பதும் தெரியவில்லை. மற்றவர்களின் அனுபவத்தையும், குறிப்பாகச் சேவையின் இரண்டாம் ஆண்டை எப்படிக் கழித்தீர்கள் என்பதையும், அறிய விரும்புகிறேன்.

சிராங்கூன் தாய்:

தம்பி, நாங்கள் கும்பகோணத்திலிருந்து வந்து நிரந்தரவாசிகளானவர்கள். என் கணவருக்குச் சேவை இல்லை, மகனுக்கு உண்டு. நிரந்தரவாசி விண்ணப்பத்தில் மகன் பெயரைச் சேர்க்கும்போதே இது தெரிந்துதான் சேர்த்தோம், எனவே யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஊரில் உள்ளவர்களுக்கு விளக்குவது வேறு. என் நாத்தனார் மகனும் இவனும் ஒரே வயது. அவன் சென்னையில் பொறியியல் முடிக்கும் ஆண்டில் இவன் முதலாண்டு சேர்கிறான். கல்யாண வீட்டுக்குப் போனால், பையன் எங்கே படிக்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. ராணுவத்தில் இருக்கிறான் என்றால், படிப்பு வரவில்லையா என்பது அடுத்த கேள்வி. பல்கலைக்கழகம் அவனுக்கு இடத்தை உறுதிசெய்து, சேவை முடியும் வரை காத்து வைத்திருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் பெரியவர்கள் நம்புவதில்லை.

அவனிடம் நான் கண்ட மாற்றங்களில் பெரும்பாலானவை முகாமை விட்டு வந்ததும் மறைந்துவிட்டன. விடியற்காலையில் எழுவது ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. நிலைத்தது ஒன்றுதான்: சாப்பாட்டைக் குறை சொல்வதை விட்டுவிட்டான். சைவ உணவு முகாமில் கிடைத்ததா என்று கேட்கும் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன், கிடைக்கிறது. சேரும்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும். என் கேள்வி வேறு. நீங்கள் சொன்ன அந்தக் கணக்கு மறதியை எப்படிச் சமாளித்தீர்கள்? இளையவன் அடுத்த ஆண்டு போகிறான்.

முன்னாள் 995:

நான் 995 என்ற அவசர எண்ணில் அழைத்தால் வரும் குடிமைத் தற்காப்புப் படையில், ஒரு தீயணைப்பு நிலையத்தில் இருந்தேன். இரண்டாம் ஆண்டு சலிப்பாக இருந்தது என்று நண்பர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, எனக்கு வாய்த்தது வேறு என்று தெரிகிறது. எங்களுக்கு மணி அடித்தால் அந்த நிமிடமே ஓட வேண்டும்.

பெரிய தீ என்று எதிர்பார்த்துப் போனவன் நான். சிங்கப்பூரில் வீடுகளில் ஏற்படும் தீச் சம்பவங்களுக்கு முதன்மைக் காரணம் அடுப்பில் வைத்துவிட்டு மறந்த பாத்திரம் என்பதை நிலையத்தில்தான் கற்றேன். ஒருமுறை அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தாழ்வாரம் முழுவதும் புகை. வீட்டின் இரும்புக் கதவில் பூட்டு, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று தெரியவில்லை. பூட்டை வெட்டி உள்ளே போனோம். தீ எதுவும் இல்லை. பருப்பு வெந்து, வற்றி, கரியாகி, பாத்திரத்தின் அடியோடு ஒட்டியிருந்தது. அடுப்பை அணைத்துச் சன்னல்களைத் திறந்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரத் தாத்தா சந்தையிலிருந்து கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்கிய பையோடு வந்து சேர்ந்தார். எங்கள் நால்வரையும் தலைக்கவசத்தோடு பார்த்துவிட்டு, இந்தப் பூட்டுக்கு யார் பொறுப்பு என்று தமிழிலேயே கேட்டார். என் பெயர்ப்பட்டையைப் படித்ததும் எனக்கு மட்டும் தனியாக ஒரு விரிவுரை நிகழ்த்தினார். அவர் கை நடுங்கியதை அதன் பிறகுதான் கவனித்தேன். எங்கள் அணித்தலைவர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, கோபம் தீரும் வரை பேச விட்டார். கீழே வண்டிக்குப் போனதும், அவர் திட்டியது பயத்தில்தான், நீ அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே என்றார்.

இதனால் என் வாழ்க்கை திசைமாறியதா என்றால் இல்லை. சேவைக்கு முன்பே கணக்கியலுக்கு விண்ணப்பித்திருந்தேன், கணக்கியலே படித்தேன், இப்போது தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். தேசிய சேவை ஒவ்வொருவனையும் ஆளாக்கிவிடும் என்று மேடைகளில் பேசுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மனிதர்கள் பதறும்போது என்ன பேசுவார்கள், அவர்களிடம் எப்படி நிற்க வேண்டும் என்பதை அங்கே பார்த்தேன். அந்த வயதில் வேறெங்கும் எனக்கு அது கிடைத்திருக்காது.

எழுத்தர்:

ராணுவம், தீயணைப்பு என்று மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். மருத்துவப் பரிசோதனையில் போர்ப் பணிக்குத் தகுதியில்லை என்று வகைப்படுத்தப்பட்டவர்களும் அதே இரண்டு ஆண்டுகளைத்தான் கொடுக்கிறோம். எனக்கு முதுகெலும்பு வளைவு. அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதும், மருத்துவச் சான்றுகளைக் கோப்பில் சேர்ப்பதும், சம்பளப் படியில் விடுபட்டவர்களுக்காக எழுதுவதும் என் வேலை. தீபாவளிக்கு உறவினர் வந்தால் துப்பாக்கி சுட்டாயா என்பார்கள். பதில் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் சக சேவையாளன் ஒருவனின் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது, அவனுக்குரிய விடுப்பு எந்த விதியின் கீழ் வரும் என்று கண்டுபிடித்து அன்று மாலைக்குள் ஒப்புதல் வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தாள்களை ஒருவன் சரியாக நிரப்பாவிட்டால் இன்னொருவன் வீட்டுக்குப் போக முடியாது என்பதைச் சேரவிருக்கும் எழுத்தர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

நீ சூன் 1984:

இளையவர்களே, என் காலத்தில் கார்ப்ரல் பதவிக்கும் அதற்கு மேற்பட்ட நிலைகளுக்கும் சேவை இரண்டரை ஆண்டு. அடிப்படைப் பயிற்சி நீ சூன் முகாமில் நடந்தது. எங்களுக்கும் மூத்தவர்கள் 1967 ஆகஸ்டில் தாமான் ஜூரோங்கில் சேர்ந்த ஏறத்தாழ 900 பேர். அவர்களுக்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணன்மாரும் இல்லை. அரை ஆண்டைக் குறைத்து அனைவருக்கும் இரண்டு ஆண்டு என்று ஆக்கியது 2004இல். என் மகன் அந்த அரை ஆண்டு மிச்சத்தால்தான் நண்பர்களோடு சேர்ந்து பல்கலைக்கழகம் போக முடிந்தது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: இரண்டு ஆண்டோடு கணக்கு முடிவதில்லை. அதன்பின் பொதுவாக நாற்பது வயது வரை, அதிகாரிகளுக்கு ஐம்பது வரை, போர்க்காலப் படையினராக அழைப்பு வரும்.

ஈசூன் மாணவன்:

சிராங்கூன் அம்மாவின் கேள்விக்கு. முகாமில் காவல் பணி முறை வைத்து நடக்கும். இரண்டு முறைகளுக்கு இடையில் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் பழைய வினாத்தாள்களைச் செய்யலாம் என்று எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு போவேன், பெரும்பாலும் தூங்கிவிடுவேன். பயன்பட்டது கடைசி மூன்று மாதங்கள்தான். சேமித்து வைத்திருந்த விடுப்பை அப்போது எடுத்து, தொடக்கக் கல்லூரிக் குறிப்பேடுகளை முதலிலிருந்து கையால் எழுதிப் போட்டேன். பத்து நாளில் பாதி திரும்பி வந்தது. எனவே இளையவர் சேரும்போது வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் குறிப்பேடுகளைப் பழைய தாள் வாங்குபவரிடம் கொடுத்துவிடாதீர்கள், விடுப்பையும் முதல் ஆண்டிலேயே தீர்த்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் பருவத்தில் என் வகுப்பு ஆண்கள் அனைவருக்கும் இதே மறதி இருந்தது. விரிவுரையாளர்களுக்கும் அது தெரியும், முதல் சில வாரங்களை மீள்பார்வைக்கே ஒதுக்கினார்கள்.