புல்டோக்ஸின் பழைய ஆட்டக்காரர்கள்: நான் கண்டதும் மாமா சொன்னதும்

மெல்பேர்னின் ஆஸ்திரேலிய ஃபுட்போல் கிளப்பான ஃபுட்ஸ்கிரே புல்டோக்ஸின் பழைய ஆட்டக்காரர்களை, முக்கியமாக டக் ஹோக்கின்ஸை, ஆதரவாளர்கள் ஆளாளுக்கு நினைவுகூர்ந்து எழுதுவதைப் பார்த்தபின் நானும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கிளப்பின் மைதானமான வெஸ்டர்ன் ஓவலின் வெளிப்பக்க விங்கில், கொங்கிரீட் படிகளில் நின்று அவர் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பக்கத்துக்கே ‘டக் ஹோக்கின்ஸ் விங்’ என்றுதான் பெயர். அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அப்படித்தான் சொல்வார்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது மாமா. 83க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து, சன்ஷைன் பக்கம் ஒரு ஃபக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவர். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் ஃபுட்ஸ்கிரேக் கட்சி. வந்த முதல் குளிர்காலத்திலேயே அவரையும் ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு மாமாவுக்கு வேறு அணி கிடையாது. மாமி பொரித்துத் தரும் மீன் ரோல்ஸ் ஒரு டப்பா, பிளாஸ்கில் தேத்தண்ணி, இரண்டு பேருக்கும் சிவப்பு, வெள்ளை, நீலக் கம்பளிச் சால்வை. இதுதான் எங்கள் சனிக்கிழமை. பக்கத்தில் நிற்கும் பெரியவர்களுக்கு மாமா டப்பாவை நீட்டுவார். முதல் கால்பகுதி முடிவதற்குள் அது காலியாகிவிடும்.

அந்த மைதானத்தின் காற்று பேர்போனது. வெளியூர் அணிகள் அதை நினைத்தே பயப்படும். உயரப் போன பந்து எங்கே சரியும் என்று மற்றவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, ஹோக்கின்ஸ் அது விழப்போகும் இடத்துக்கு முன்பே போய் நின்றிருப்பார். ஓடியதுகூடத் தெரியாது, நடந்து போனது போலிருக்கும். பிரேபுரூக் பையன். மைதானத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் வளர்ந்தவர். 1978இலிருந்து 1994வரை எங்களுக்காக 329 ஆட்டம் ஆடி, அதுவரை கிளப்பில் அதிக ஆட்டம் ஆடியிருந்த டெட் விட்டனின் 321ஐத் தாண்டினார். அதன்பிறகு 1995இல் ஃபிட்ஸ்ரோய் கிளப்புக்குப் போய் ஒரு பருவம் ஆடினார். வேறு சட்டையில் அவரைப் பார்த்தபோது மாமா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். கோபமில்லை, தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பழைய ஆட்டக்காரர் கெரி டெம்ப்சியைப் பற்றி யாரோ இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தார்கள். அவர் கதை இரண்டு வரியில் அடங்குகிற கதையா? 1969 ஜனவரியில் லாராப் பக்கம் பெரிய காட்டுத்தீ. அதில் டெம்ப்சியின் கால்கள் மோசமாகக் கருகிவிட்டன. இனி ஆட்டமே இல்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த மனிதர்தான் திரும்பி வந்து, ரக்மனாக, அதாவது நடுவர் மேலே போடும் பந்தைத் தாவித் தட்டும் உயரமான ஆட்டக்காரராக ஆடி, 1975இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். மாமாவின் ஃபக்டரி நண்பர் ஒருவர் அந்த ஆட்டங்களையெல்லாம் நேரில் பார்த்தவர். எதிரணி முன்னேறி வரும்போது டெம்ப்சி பின்னால் இறங்கி வந்து, கோல் முகத்தில் நின்று பந்தை வானத்திலிருந்து பறிப்பாராம். கைகளை உயர்த்தி அவர் செய்து காட்டுவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. டெம்ப்சி பிறகு நோர்த் மெல்பேர்னுக்குப் போனார். ஆனாலும் எங்கள் பக்கத்து வயதானவர்கள் அவரை ஒரு நாளும் விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

விட்டன் ஆடுவதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1951இலிருந்து 1970வரை அவர் காலம். 1954இல் சார்லி சட்டனின் தலைமையில் மெல்பேர்ன் அணியை 102க்கு 51 என்று அடித்து, கிளப் முதல்முறை விக்டோரிய ஃபுட்போல் லீக் கோப்பையைத் தூக்கியபோது விட்டனுக்கு 21 வயது. சட்டன் அன்றைக்குக் கப்டனும் அவரே, கோச்சும் அவரே. மூன்று வருடத்தில் அந்தப் பொறுப்பு விட்டனுக்கு வந்தது. ‘மிஸ்டர் ஃபுட்போல்’ என்று மற்ற கிளப்காரர்கள்கூடச் சொன்ன மனிதர்.

நான் அறிந்த விட்டன், 1995 ஜூனில் எம்.சி.ஜி. என்னும் மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றி வந்த விட்டன். விக்டோரியாவுக்கும் தென் ஆஸ்திரேலியாவுக்கும் ஆட்டம். புற்றுநோய் முற்றிவிட்டிருந்தது, பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. திறந்த காரில் மகன் பக்கத்தில் இருக்க, கூட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் கையசைத்தார். நாங்கள் வீட்டில் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். கொலிங்வுட் ஆட்கள், கார்ல்டன் ஆட்கள், யாரென்று பாராமல் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஓகஸ்ட்டில் போய்விட்டார். வெஸ்டர்ன் ஓவல் விட்டன் ஓவல் ஆனது அந்த வருடம்தான். இப்போது வாசலில் சிலை இருக்கிறது. மரிபிர்நொங் ஆற்றுக்கு மேலே ரிங் ரோட்டில் போகும் பெரிய பாலத்துக்கும் அவர் பெயர்தான். பாலத்தைக் கடப்பவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியுமோ, எனக்கு அது பெரிய மனக்குறை.

சரி, இனி நேரில் நடந்த ஒன்று. இவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது என்று நினைக்கிறேன். எண்பதுகளில் எங்கள் அணியில் ஆடியவர். நட்சத்திரம் இல்லை. ஒரு வாரம் அணியில் இருப்பார், அடுத்த வாரம் இரண்டாம் அணியான ரிசர்வ்ஸுக்கு இறக்கிவிடுவார்கள். பழைய ஆட்கள் சிலருக்குத்தான் முகம் தெரியும்.

ஒரு குளிர்காலத்தில் வீட்டில் சுடுதண்ணி வரவில்லை. மாமி பிளம்பரைக் கூப்பிட்டிருந்தா. கதவைத் திறந்தது மாமா. வந்தவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லாமல், சட்டையின் நம்பரைச் சொன்னார். அந்த மனிதர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த நம்பரை வைத்து யாரும் தன்னைக் கண்டுபிடித்ததில்லை என்றார். அதுவும் எங்களைப் போன்ற தமிழ் முகம் ஒன்று கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வேலை முடிந்ததும் மாமி தேத்தண்ணி போட்டா. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கதைத்தார். அவருடைய வலது கைச் சுண்டுவிரல் நடு மூட்டில் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. கோப்பையைப் பிடிக்கும்போது அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மார்க் எடுக்க, அதாவது உதைத்த பந்தை நேராகக் கையில் பிடிக்கப் போய் உடைந்ததாம். அன்றைக்கே டேப் சுற்றிக்கொண்டு ஆட்டத்தை முடித்திருக்கிறார். அப்புறம் அது நேராகவே இல்லை. பகலெல்லாம் குழாய் வேலை, செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து நேராகப் பயிற்சி. உடைமாற்றும் அறையில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு தைலத்தின் வாசம், கால் புதையும் சேறு, ஓவலின் நடுவில் நின்றால் காது வலிக்கும் காற்று. எல்லாவற்றையும் சொன்னார். தான் அடித்த கோல் எதையும் பற்றி அவராகச் சொல்லவில்லை. மாமாதான் ஒன்றை நினைவுபடுத்தினார். எந்தப் பக்கம், யாருடைய பாஸ், எந்தக் காலால் என்று. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். போகும்போது காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மாமாவும் விடவில்லை, சட்டைப் பைக்குள் திணித்துத்தான் அனுப்பினார்.

அவரைப் பார்த்த பிறகுதான் 1989ஐ எனக்கு வேறு மாதிரி விளங்கியது. அந்த ஒக்டோபரில் எங்களை ஃபிட்ஸ்ரோயோடு சேர்த்துவிடப் போவதாக அறிவித்தார்கள். ‘ஃபிட்ஸ்ரோய் புல்டோக்ஸ்’ என்று புதுப் பெயர்கூடத் தயார். கடன் அப்படி. வழக்கறிஞர் பீட்டர் கோர்டன் முன்னால் நிற்க, ஆதரவாளர் ஒரு பெண் நீதிமன்றம் போனார். மூன்று வாரத்தில் 15 லட்சம் டொலர் திரட்ட வேண்டும் என்றார்கள். ஓவலில் கூட்டம் திரண்டது. சந்தையிலும் ஸ்டேஷன் வாசலிலும் தகரடப்பா குலுக்கினார்கள். மாமாவின் ஃபக்டரியில் சம்பள நாளன்று கிரேக்கர், இத்தாலியர், வியட்நாமியர், மாமா என்று எல்லோரும் போட்டார்கள். கிளப் பிழைத்தது. அன்றைக்கு அந்தச் சில்லறை போய்ச் சேர்ந்தது பெரிய நட்சத்திரங்களுக்காக மட்டுமல்ல, ரிசர்வ்ஸுக்கும் மேலணிக்கும் நடுவில் அலைந்த இந்த மாதிரி மனிதர்களுக்காகவும்தான்.

அடுத்த வருடமே டோனி லிபரட்டோரே பிரவுன்லோ வாங்கியது எங்களுக்குக் கிடைத்த வட்டி. உயரம் 163 சென்டிமீட்டர். இந்த ஆட்டத்துக்கு அது உயரமே இல்லை என்று சொல்லாத ஆள் இல்லை. ஆனால் மூன்று நிலைகளிலும், அதாவது 19 வயதுக்குட்பட்டோர், ரிசர்வ்ஸ், மேலணி, அந்தந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தை வாங்கிய மனிதர் அவர். எதிரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டால் விடமாட்டார். 1997இல் இறுதியாட்டத்துக்கு முந்திய பிரிலிமினரி ஃபைனலில் அடிலேய்டுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் அவர் உதைத்தது கோல் என்று நினைத்துக் கொண்டாடினார். நாங்களும் கட்டிப்பிடித்துக் கத்தினோம். கோல் அம்பயர் ஒரு விரலைத்தான் காட்டினார். பிஹைண்ட், அதாவது கோலுக்கு ஆறு புள்ளி என்றால் இதற்கு ஒன்றுதான். இரண்டு புள்ளியில் தோற்றோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இன்றைக்கும் மனம் வரவில்லை.

என்னைக் கேட்டால், நான் கண்ணால் பார்த்தவர்களில் முதல் இடம் கிறிஸ் கிராண்டுக்கு. பிரட் ஜோன்சன் 364 ஆட்டத்தோடு கிளப்பின் சாதனையை வைத்திருக்கிறார், ஸ்கொட் வெஸ்ட் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் பதக்கத்தை ஏழு தடவை வாங்கினார். இருவரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிராண்ட், டேல்ஸ்ஃபோர்டில் இருந்து வந்த பையன், 1990இல் 17 வயதில் ஆடத் தொடங்கியவர். 1996இல் போர்ட் அடிலேய்ட் கிளப் பெரும் பணத்தோடு வந்து கூப்பிட்டது. அவர் போகவில்லை. போகாதீர்கள் என்று ஒரு சிறுபிள்ளை கடிதத்தோடு சில்லறைக் காசும் வைத்து அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். 1997இல் பிரவுன்லோ எண்ணிக்கையில் அவருக்குத்தான் அதிக வாக்கு, 27. ஒரு ஆட்டத் தடை வாங்கியிருந்ததால் 26 வாக்குப் பெற்ற ரொபர்ட் ஹார்விக்குப் பதக்கம் போனது. 341 ஆட்டம் ஆடினார், கோப்பை இல்லை, பிரவுன்லோ இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் சுவரில் இருக்கும் ஒரே ஆட்டக்காரர் படம் அவருடையது.

நாங்கள் மறுபடி கோப்பை வென்ற 2016ஐப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பொப் மர்ஃபி அந்தப் பருவத்தின் மூன்றாம் வாரத்திலேயே முழங்கால் போய் வெளியே இருந்தவர். கப்டன் அவர்தான், இறுதியாட்டத்தில் ஆட முடியவில்லை. சிட்னியை 89க்கு 67 என்று வென்றபின் கோச் லூக் பெவரிட்ஜ் அவரை மேடைக்கு அழைத்து, தனக்குக் கிடைத்த பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டார். மர்ஃபி பின்னர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அணியில் லிபரட்டோரேயின் மகன் டொம்மும் ஆடினார். மாமா அன்றைக்கு மர்ஃபிக்கு அழுததைவிட, டொம் பந்தைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லி அழுததுதான் அதிகம்.

ஒரு கேள்வியும் இருக்கிறது. 1978இல் செயின்ட் கில்டாவுக்கு எதிராகக் கெல்வின் டெம்பிள்டன் ஒரே ஆட்டத்தில் 15 கோல் அடித்தாரே, எங்கள் அணி 213 புள்ளி எடுத்த ஆட்டம், அதை ஓவலில் நின்று பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? மாமா அப்போது யாழ்ப்பாணத்தில், நான் பிறக்கவே இல்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது, பார்க்லி ஸ்ட்ரீட் பக்கம் எத்தனை கோல் விழுந்தது, பத்தைத் தாண்டியபோது கூட்டம் எப்படி இருந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். மாமாவுக்கு இப்போது கண் சரியில்லை, நான் வாசித்துக் காட்டுவேன்.