காக்பிட் சாரோடு மருந்துவாழ்மலை ஏறின கதை

எங்க தெருவில ஒரு பெரியவர் இருக்கார். பெங்களூர்ல காக்பிட், அதாவது விமானி உட்கார்ற அறை பத்தின ஆராய்ச்சியில முப்பது வருஷம் இருந்துட்டு ஊர் திரும்பினவர். "பிளேன் ஓட்டுவீங்களா சார்?"னு கேட்டா மூஞ்சி சுருங்கிரும். "ஓட்டுறவனுக்கு எதை எப்போ காட்டணும், எப்போ காட்டப்பிடாதுன்னு பாக்கதுதான் என் சோலி" என்பார்.

மாசியில அவரோட மருந்துவாழ்மலை ஏறினேன். பொற்றையடி பக்கம் வயலும் தோப்புமா கிடக்கிற நிலத்துல மலை திடீர்னு எழும்பி நிக்கும்லா? அதைக் காட்டித்தான் பாடம். விமானத்துல உயரம் அளக்கிற ரேடியோ ஆல்டிமீட்டர் நேர் கீழேதான் பார்க்கும். தோப்புக்கு மேல பறக்கிறவரை உயரம் இருக்குன்னே காட்டும், முன்னால நிக்கிற பாறை அதுக்குத் தெரியாது. 1974-ல வர்ஜீனியாவில ஒரு விமானம் மலையில மோதி 92 பேர் செத்த பிறகு, அமெரிக்காவில தரை எச்சரிக்கைக் கருவி கட்டாயமாச்சு. அந்தக் கருவிக்கும் கண்ணு கீழேதான். 1995-ல கொலம்பியாவில காலிங்கிற (Cali) நகரத்துப் பக்கம் ஒரு விமானத்துல கருவி கத்தினப்போ மோதுறதுக்கு 15 விநாடிகூட மிச்சமில்லை. 159 பேர் போனாங்க.

அந்தக் கருவியை உருவாக்கின எஞ்சினியர் டான் பேட்மேனோட குழு ஜிபிஎஸ்ஸோட உலக நிலப்படத்தையும் சேர்த்த பிறகுதான் கருவிக்கு முன்பார்வை கிடைச்சுது. சோவியத் உடைஞ்சப்போ அந்த நாட்டு வரைபடங்களை இந்தக் குழு விலைக்கு வாங்கியிருக்கு! மலையைவிட இந்தச் சங்கதிதான் எனக்குப் பிடிச்சுது.

திரும்பி வந்த பஸ்ஸில டிரைவர் எச்சரிக்கை பஸ்ஸரோட வயரைப் பிடுங்கி விட்டிருந்தார். சார் திட்டுவார்னு பார்த்தேன். "சும்மா எத்தனை தடவை அடிக்கும்?"னு கேட்டார். "நாளைக்கு அம்பது தடவை இருக்கும் சார்." தலையாட்டிக்கிட்டே, "ஆரம்பத்துல விமானிகளும் இதைத்தான் சொன்னாங்க"ன்னார்.

— குளச்சலிலிருந்து ஒரு பதில்:

அண்ணாச்சி, எங்க வள்ளத்துல கடலாழம் காட்டுற எக்கோ சவுண்டர் பெட்டிக்கும் இதே கதைதான். கீழே இருபது பாகம்னு காட்டும், அடுத்த நிமிசம் வலை பாறையில மாட்டும். எங்க அப்பா அந்தப் பெட்டியைத் திரும்பியே பாக்க மாட்டார். கரையில ஒரு மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்து வச்சு கணிச்சம் பாத்தே பாறை இருக்க இடத்தைச் சொல்லிருவார். இப்போ ஜிபிஎஸ்ல அந்த இடங்களை எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன். குறிச்சதுல பாதி அப்பா சொன்னது.

ஞாயித்துக்கிழமை நாங்க கடலுக்குப் போறதில்ல. சாரைக் கூட்டிட்டு வாங்க. பெட்டியை அவரே நோண்டிப் பாக்கட்டும், மீன்கறி நம்ம வீட்டுல.