நாகர்கோவிலில் அந்த ராப் கச்சேரியைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

தோவாளை வாசகி:

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஐப்பசியில் கல்லூரி மைதானத்தில் பாடினாரே, அவர்தான். ராப்பில் ஆரம்பித்து கானாவுக்குத் தாவி, காதல் பாட்டுக்கு வந்து, அங்கிருந்து ஒப்பாரிக்குப் போனாரே. அதெல்லாம் இருக்கட்டும். ஓர் இடத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். மாதக்கணக்காக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கல்யாணத்துக்கு முன்பு ஆச்சி தன் அண்ணனின் வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுப் பாடியவள். இசக்கியம்மன் கொடை, சுடலைமாடன் கொடை என்று கோயில் விழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து பாடியிருக்கிறாள். அன்று தூறல் விழுந்ததும் பின்னணி இசை சட்டென்று நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை. வெறும் குரலில் படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். ஓர் அடி முடிந்து அவர் மூச்சு வாங்கிய நேரத்தில் என் பக்கத்திலிருந்து "ஆமா" என்று ஒரு குரல். ஆச்சி! புலவர் கதை சொல்லி நிறுத்தும்போது பின்பாட்டுக்காரர்கள் போடுவார்களே, அதே இழுப்பு, அதே இடம்.

நாங்கள் மூன்றாவது வரிசை. அவருக்குக் கேட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தார். அடுத்த அடியைச் சொல்லிவிட்டு, கையை எங்கள் பக்கம் நீட்டிக் காத்து நின்றார். ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சொல்லு ஆச்சி" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இல்லை, நானே "ஆமா" போட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அவர் கும்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

மார்த்தாண்டம் வாசகர்:

நானும் அங்கேதான் இருந்தேன், ஒலி கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். மழைத்துளி பட்டதும் கருவியை அணைத்துத் தார்ப்பாய் போட்டார்கள். அவர் காத்து நின்றது, "இன்னும் இரண்டு நிமிடம் சமாளியுங்கள்" என்று இவர்கள் காட்டிய சைகையைப் பார்த்துத்தான். கை நீட்டியது மொத்தக் கூட்டத்தையும் நோக்கி. உங்கள் ஆச்சியின் குரல் அந்த இரைச்சலில் மேடை வரைக்கும் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. ராப்பைக் கேட்டதும் "இது நம் வில்லுப்பாட்டுதானே" என்று சொல்லும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. ராப்பின் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்தது 1973-இல், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில். பாட்டில் தாளம் மட்டும் வரும் துண்டை, ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார் கூல் ஹெர்க் என்ற இளைஞர். அதன் மேல்தான் பேச்சு ஏறியது. கறுப்பின மக்களின் வாழ்க்கையிலிருந்து வந்த கலை அது. அதற்கு உரிய மரியாதையை அதற்கே கொடுப்போம். தமிழுக்கு வந்த வழியும் நேரானதல்ல. மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-இல் வெளியிட்ட பாடல்களைக் கேட்டுத்தான் என் வயதுக்காரர்கள் பலர் தமிழ் ராப்பை அறிந்தோம்.

என் மனதில் நிற்பது அவருடைய வலது கால். இசை இல்லாத அந்த இரண்டு நிமிடமும் குதிகாலால் மேடைப் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு சொல்கூடத் தாளம் தப்பவில்லை.

குளச்சல் வாசகி:

எனக்கு அந்த ஒப்பாரி. அப்பா இறந்து நாற்பத்தொன்றாம் நாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தோழிகள் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார்கள். அவர் ஒப்பாரியை எடுத்ததும், அம்மா முற்றத்தில் அழுத அதே ராகம். தொண்டை அடைத்துக்கொண்டது. நான்காவது வரியில் டிரம்ஸ் நுழைந்தது, முன்னால் நின்ற பையன்கள் விசிலடித்து ஆட ஆரம்பித்தார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டேன். சாலைக்கு வந்த பிறகும் காதில் விழுந்தது. நகர முடியாமல் பாட்டு முடியும் வரை அங்கேயே நின்றேன். கோபப்பட்டது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. சாவுக்குப் பறையடித்து ஆடுகிற ஊர்களும் உண்டு என்று அண்ணன் சொல்கிறான். உண்டுதான். ஆனால் அங்கே ஆடுகிறவனுக்குச் செத்தவர் யாரென்று தெரியும்.

தக்கலை வாசகர்:

எனக்குச் சொல்ல அதிகமில்லை. முன்வரிசையில் நின்றேன், பாட்டு பிரமாதம், மூன்று நாள் காது இரைந்தது. அதனால் இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கவே நிற்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்குப் போனால் பதினைந்து நிமிடம்தான். கச்சேரிகளில் அது சாதாரணம். மருந்துக்கடையில் நுரையாலான காதடைப்பான் கிடைக்கும். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருக வேண்டும். பஞ்சு வைப்பதில் பெரிய பயனில்லை. நல்ல ஒலி வேண்டுமா, கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அந்த இடத்தில் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார்கள். வயதானவர்களை ஓரத்து நாற்காலியில் உட்கார வையுங்கள், மூன்றாவது வரிசை கூடவே கூடாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசியில் திறந்த மைதானத்துக்குக் குடையில்லாமல் போவது தவறு. வடசேரியிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தோவாளை வாசகி:

மார்த்தாண்டத்துக்காரருக்கு: மொத்தக் கூட்டத்தையும் நோக்கித்தான் என்றால், அவர் கும்பிட்டது யாரை? கூட்டத்தைக் கும்பிடுகிறவர் குனிந்து ஓர் ஓரமாகப் பார்ப்பாரா? வில்லுப்பாட்டிலிருந்து ராப் வந்தது என்று நான் எழுதவும் இல்லை. விட்ட இடைவெளி ஆச்சிக்குப் புரிந்தது, அவ்வளவுதான் சொன்னேன். 2018-இல் சென்னையில் த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலில் மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. எது எதிலிருந்து பிறந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

குளச்சல் அக்காவுக்கு: நீங்கள் எழுந்து போனதில் தவறே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டே ஆச்சி கேட்டாள்: "மக்களே, அந்தப் பையன் இரண்டாவது தடவை எதற்கு நின்றான்?" உனக்காகத்தான் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வில்லில் பாடும்போது ஒருநாளும் நான் தவறவிட்டதில்லை" என்றாள்.