கடையில் பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றியதிலிருந்து பைக்கில் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் பிளேட் போய்விட்டதா, ஆயில் சரியில்லையா?

துறையூர் ரோடு:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2019 ஸ்பிளெண்டர், 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எனக்குக் கால்நடை மருந்து விற்பனை வேலை. திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம் பக்கம் போய்வந்தால் ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இதுவரை கம்பெனி சர்வீஸில்தான் ஆயில் மாற்றினேன். அங்கே காலையில் விட்டால் சாயங்காலம்தான் வண்டி கிடைக்கும், அன்றைக்கு வேலை போய்விடும். அதனால் போன வியாழக்கிழமை மெயின் ரோட்டில் ஒரு ஆயில் கடையில் நிறுத்தினேன். ஆயில் வாங்கினால் மாற்றித் தருவது இலவசம் என்று போர்டு வைத்திருந்தார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. 310 ரூபாய்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை சோபனபுரம் வழியாகப் பச்சைமலை ஏறினேன், பின்னால் மருந்துப் பெட்டி இருபது கிலோ இருக்கும். மூன்றாவது கியரில் முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. இரண்டாவதுக்கு இறக்கி ஊர்ந்துதான் மேலே போய்ச் சேர்ந்தேன். திரும்பி வந்து கடைக்காரரைக் கேட்டால், பிளேட் தேய்ந்திருக்கும், ஆயிலுக்கும் கிளட்சுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். அப்படியா? பிளேட் செட் மாற்றச் செலவு செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன். இந்த வண்டி நின்றால் எனக்குச் சம்பளமும் நின்றுவிடும்.

ஸ்பேனர் 17:
தம்பி, பிளேட்டுக்குக் காசு எடுத்து வைக்காதீங்க, பொறுங்க. இருபத்தாறு வருஷமா பட்டறை வச்சிருக்கேன். மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க.

ஒண்ணு, கிளட்ச் லீவரின் நுனியைப் பிடிச்சு லேசா இழுங்க. இறுக்கம் தட்டுறதுக்கு முன்னாடி 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆடணும். ஆட்டமே இல்லேன்னா கேபிள் டைட். அதனாலயும் வழுக்கும்.

ரெண்டு, ஆயில் அளவு. வண்டியை மூணு நாலு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்க. சென்டர் ஸ்டாண்டில் சமமான தரையில் ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டு, மூடியோட இருக்கிற குச்சியைத் துடைச்சு உள்ளே வைங்க. மூடியைத் திருகக் கூடாது, சும்மா உட்கார வச்சு எடுக்கணும். நிறைய பேர் திருகிட்டுப் பார்க்கிறாங்க, அளவு தப்பாக் காட்டும்.

மூணு, அந்த ஆயில் கேனில் என்ன எழுதியிருந்தது?

துறையூர் ரோடு:
நன்றி அண்ணா. இன்று காலை பார்த்தேன். லீவரில் ஆட்டம் சரியாக இருக்கிறது, ஸ்கேல் வைத்து அளந்தேன், 15 மில்லிமீட்டர். குச்சியில் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலம் நிற்கிறது.

கேன் விஷயம் கேட்டதும்தான் உறைத்தது. அவர்கள் கேன் எதையும் என் முன்னால் திறக்கவில்லை. உள்ளே ஒரு பேரல் இருந்தது, பையன் அதிலிருந்து அலுமினியச் செம்பில் பிடித்து வந்து புனல் வைத்து ஊற்றினான். என்ன ஆயில் என்று கேட்டதற்கு ‘10டபிள்யூ-30தான் சார், எல்லா வண்டிக்கும் இதான்’ என்றான். பில் தரவில்லை.

ஸ்பேனர் 17:
‘எல்லா வண்டிக்கும் இதான்’னு சொன்னதுலதான் சிக்கலே இருக்கு.

காரில் கிளட்ச் இன்ஜினுக்கு வெளியே தனியா, ஈரமில்லாம இருக்கு. உங்க பைக்கில் கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்குது. இன்ஜின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில். கார் ஆயில் பலதில், முக்கியமா 10டபிள்யூ-30, அதைவிட மெல்லிசான ரகங்களில், மைலேஜ் கிடைக்கணும்னு உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்த்திருப்பாங்க. காருக்கு அது நல்லதுதான். பைக் கிளட்ச் பிடிக்கிறதே உராய்வால, அங்கே அதைக் குறைச்சா பிளேட் ஒண்ணோட ஒண்ணு பிடிக்காம வழுக்கும். சமதளத்தில் தெரியாது. ஏத்தத்தில், பாரத்தோட, முறுக்கும்போது தெரியும். நீங்க சொன்னது அப்படியே அதுதான்.

அதனால 10டபிள்யூ-30ன்னு நம்பர் பொருந்துறது பாதிதான். அது ஆயிலோட கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும். கேனின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ இல்லேன்னா ‘எம்ஏ2’ன்னு சின்னக் கட்டத்தில் போட்டிருக்கணும். ஜாசோங்கிறது ஜப்பான்காரங்க வச்ச தரம், ஈரக் கிளட்ச் பிடிக்குமான்னு சோதிச்சுக் கொடுக்கிறது. ‘எம்பி’ன்னு இருந்தா அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, உங்க வண்டிக்கு ஆகாது.

அளவு கூடினது தனிப் பிரச்சினை. வண்டிப் புத்தகத்தில் ரெண்டு அளவு போட்டிருக்கும். ஆயிலை மட்டும் வடிச்சு மாத்தினா கம்மி, இன்ஜினைப் பிரிச்சு மாட்டினா கூடுதல். அவசரத்தில் சரியா வடியவிடாம, பழசு கொஞ்சம் உள்ளே நிக்கும்போதே முழு அளவை ஊத்தினா இப்படித்தான் ஏறும். கூடுதலான ஆயில் நுரைக்கும், இன்ஜினோட மூச்சுக்குழாய் வழியா ஏர் ஃபில்டருக்குப் போய் அதை நனைச்சுடும். ஏர் ஃபில்டரையும் ஒரு தடவை திறந்து பாருங்க.

பிளேட்டைத் தொடாதீங்க. முதலில் ஆயிலை மாத்துங்க.

நான்காவது கியர்:
அந்தப் பேரல் உண்மையில் கார் ஆயில்தான் என்று எப்படிச் சொல்லமுடியும்? வடித்து எடுத்த பழைய ஆயிலாகக் கூட இருக்கலாம். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும், இது கறுத்திருந்தால் போலி.

ஸ்பேனர் 17:
நிறத்தை வச்சு முடிவு பண்ண முடியாதுங்க. நல்ல ஆயிலில் அழுக்கைக் கரைக்கிற சரக்கு இருக்கும், ஐந்நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும். அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். ‘பாருங்க சார் எப்படிக் கறுத்திருக்கு’ன்னு விரலில் தொட்டுக் காட்டி வியாபாரம் பண்றவங்க இதைச் சொல்லமாட்டாங்க. பால் காபி நிறத்தில் இருந்தா மட்டும் பயப்படுங்க, தண்ணி கலந்திருக்கு. தம்பியோட பேரலில் என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஜாசோ எழுத்தைக் கண்ணால் பார்க்காத ஆயில், அவ்வளவுதான்.

ஆயில் கடை வைத்திருப்பவன்:
நானும் இதே தொழில்தான், ஊர் சொல்லவில்லை. எங்களையெல்லாம் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பேரல் என்றாலே மோசம் என்று நினைக்காதீர்கள். 210 லிட்டர் பேரல் கம்பெனியிலிருந்தே வருகிறது. பெரிய சர்வீஸ் சென்டர்களிலும் பேரலிலிருந்து பம்ப் மூலம்தான் ஊற்றுகிறார்கள், லிட்டருக்கு விலை குறையும். பேரலின் மேல் லேபிளும் பேட்ச் நம்பரும் ஒட்டியிருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. வாடிக்கையாளர் வந்ததும் முதல் கேள்வியே ‘எவ்வளவுக்கு முடிச்சுத் தருவீங்க?’ என்பதுதான். கூலி இலவசம் என்று எல்லோரும் போர்டு வைத்தபிறகு எங்கள் வருமானம் ஆயில் லாபத்திலும், வடித்த பழைய ஆயிலை விற்பதிலும்தான். அந்த நெருக்கடியில் சிலர் மலிவுச் சரக்குக்குப் போகிறார்கள். அது தவறு, நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. கூலி ஐம்பது ரூபாய் தனியாகக் கொடுங்கள், ஆயிலை நீங்களே வாங்கி வாருங்கள். நான் அப்படிச் செய்து தருகிறேன், கேட்டால் பலரும் செய்வார்கள்.

டெக்சாஸ் தமிழன்:
இங்கே காரிலிருந்து இறங்காமலேயே ஆயில் மாற்றித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அடியில் பள்ளத்தில் ஒருவர் நின்று வடிப்பார், மேலே ஒருவர் ஊற்றுவார். எனக்குக் கிடைத்த பாடம் ஆயிலால் வந்ததல்ல, ஃபில்டரால் வந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அதைக் கவனிக்காமல் மேலேயே புதியதைத் திருகிவிட்டார்கள். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று. ஹைவேயில் பத்து மைல் போவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது, உடனே நிறுத்தியதால் இன்ஜின் பிழைத்தது. அதற்குப் பிறகு எந்தக் கடையானாலும் வெளியே வந்ததும் ஓரமாக நிறுத்தி அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஸ்பேனர் 17:
நல்ல பழக்கம். ஸ்பிளெண்டரில் அந்த மாதிரி திருகுற ஃபில்டர் கிடையாது, சல்லடையும் சுழன்று அழுக்கைப் பிரிக்கிற கப்பும்தான். ஆனா வடிக்கிற போல்ட்டைப் பாருங்க. 17 சைஸ், அலுமினியத்தில் ஏறுற மரை. அவசரத்தில் நீளமான ஸ்பேனர் போட்டு ஏறி மிதிச்சா மரை போயிடும். வாஷரும் புதுசாப் போடச் சொல்லுங்க, சில்லறைக் காசுதான்.

கேன் வாங்கும்போது மூடிக்குக் கீழே இருக்கிற வளையம் அறுபடாம இருக்கணும், மூடியைத் திறந்தா உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருந்தா அதுவும் கிழியாம இருக்கணும். விலை, தயாரிச்ச மாசம், பேட்ச் நம்பர் அழிஞ்சிருந்தா வேண்டாம். காலியான கேனைக் கடையில் விட்டுட்டு வராதீங்க. வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டை போட்டு அப்புறம் பழைய பொருள்காரருக்குப் போடுங்க. நல்ல நிலையில் இருக்கிற காலிக் கேனைத்தான் போலி நிரப்புறவங்க தேடி வாங்குறாங்க.

துறையூர் ரோடு:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கம்பெனி டீலரிடமே 900 மில்லி கேன் வாங்கினேன், ஜாசோ எம்ஏ என்று நானே படித்துப் பார்த்தேன், பில்லும் வாங்கினேன். தெருவில் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கூலி கொடுத்து மாற்றினேன். வண்டி சூடாக இருக்கும்போதே போல்ட்டைக் கழற்றி, கால் மணி நேரம் வடியவிட்டு, இரண்டு பக்கமும் சாய்த்து எடுத்தார். வந்த ஆயில் மெலிந்து தண்ணீர் மாதிரி ஓடியது. ஏர் ஃபில்டரில் ஒரு மூலை ஆயிலில் நனைந்திருந்தது, மாற்றிவிட்டேன். கேனில் கொஞ்சம் மிச்சம் வைத்து ஊற்றி, குச்சியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்தினோம்.

முதல் இரண்டு நாள் லேசாக வழுக்கல் இருந்தது. பிளேட்டில் ஊறியது போக நேரமெடுக்கும் என்றார் அண்ணன். இந்தத் திங்கட்கிழமை அதே பெட்டி, அதே ஏற்றம், மூன்றாவது கியரிலேயே ஏறியது. ஸ்பேனர் அண்ணாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிளேட் காசு மிச்சம்.

இப்போது வடித்த ஆயில் ஒரு கேனில் வீட்டில் இருக்கிறது. மாட்டுக்கொட்டகை மரத்துக்குப் பூசினால் கரையான் வராது என்கிறார் அம்மா. பூசலாமா?

ஆயில் கடை வைத்திருப்பவன்:
வேண்டாம் தம்பி. மாடு உரசும், நக்கும். அதில் உலோகத் துகளும் எரிந்த கசடும் கலந்திருக்கிறது. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றவும் கூடாது. சட்டப்படி அது அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கே பழைய ஆயிலைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு வந்திருக்கிறது. மூடி இறுக்கமான கேனில் வைத்து, நீங்கள் ஆயில் வாங்கிய டீலரின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், அங்கே சேகரிக்கும் பேரல் இருக்கும்.

துறையூர் ரோடு:
சரிங்க ஐயா. சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.