எங்கள் ரிஃப் திருட்டு இல்லை, தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். காட்பாடியில் நாலு பேர் சேர்ந்து ஹெவி மெட்டல் ராக் இசை வாசிக்கிறோம். போன வாரம் போட்ட பாட்டின் கிட்டார் ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துணுக்கு) தங்களுடையது, திருடிவிட்டீர்கள் என்று வேறு ஊர் பேண்ட் ஒன்று போகிற இடமெல்லாம் எழுதுகிறது. மனசு ரொம்ப வலிக்கிறது.

அந்த ரிஃப் கிட்டாரின் தடித்த ஈ (E) கம்பியை அமுக்கி நாலு தட்டு, அப்புறம் மூன்றாவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டை), ஐந்தாவது ஃப்ரெட், அவ்வளவுதான். எல்லாம் மைனர் பென்டாடோனிக் என்ற ஐந்து சுர வரிசை, நம்ம சுத்த தன்யாசி ராகத்தின் அதே ஐந்து சுரங்கள், அதை யார் சொந்தம் கொண்டாட முடியும்? லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்ட் மேல் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டின் தொடக்கத்துக்காகப் போட்ட வழக்கே 2016இல் ஜூரியிடம் தோற்று, 2020இல் மேல்முறையீட்டிலும் நிற்கவில்லையே.

எங்களிடம் இருப்பது அவர்கள் பாட்டு வருவதற்கு முன்பே மொட்டை மாடியில் போனில் பதிந்த ஒரு ஆடியோ, நடுவில் ரயில் ஹாரன்கூட கேட்கும். இது சாட்சியாக நிற்குமா? 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் தெரிந்த வக்கீல் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருந்தால் சொல்லுங்கள். இரண்டு பாட்டையும் கேட்டு ஸ்வரம் எழுதி ஒப்பிட்டுத் தரக்கூடியவர்களும் வேண்டும். இதே மாதிரி ரிஃப் வரும் பழைய பாட்டு தெரிந்தாலும் கமெண்டில் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் எழுத வேண்டும்.