கட்டிக்கொடி: நாளத்தில் ஏறும் சிறுநீரகக் கட்டிக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

சிறுநீரகக் கட்டி நாளத்துக்குள் வளர்ந்து நீள்வதை ஆங்கிலத்தில் tumour thrombus என்பார்கள். அதற்கு 'கட்டிக் குருதியுறைவு' என்ற சொல்லை நமது மருத்துவக் கலைச்சொற் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வில்ம்ஸ் கட்டி சிறுபிள்ளைகளின் சிறுநீரகத்தில் வருகிற புற்று. பெரும்பாலும் 5 வயதுக்குள் தெரியவரும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தாயின் கையில்தான் முதலில் தட்டுப்படும். சில பிள்ளைகளுக்கு அது சிறுநீரக நாளத்துக்குள் (சிறுநீரகத்திலிருந்து குருதியைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) புகுந்து, உடலின் கீழ்ப்பாதிக் குருதியை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருநாளத்தில் ஏறும். 100 பேரில் 4 முதல் 10 பேருக்கு இப்படி நடக்கிறது. அந்த 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அது இதயத்தின் மேலறையான வலது சோணையறை வரைக்கும் போய்விடும். அங்கே போனால் இதயத்துக்கு வரும் குருதியை மறிக்கும். துண்டொன்று முறிந்தால் நுரையீரல் நாடியை அடைக்கும், உயிருக்கே ஆபத்து.

ஆனால் நாளத்துக்குள் கிடப்பது உறைந்த இரத்தம் இல்லை. உயிருள்ள கட்டியேதான். மல்லாவிப் பக்கத்துத் தாயொருவர் மகனின் ஸ்கான் அறிக்கையோடு வந்து, "இரத்தம் உறைஞ்சு கிடக்கெண்டால் கரைக்கிற ஊசியைப் போடலாம்தானே மிஸ்ஸி, ஏன் மகரகமைக்கு அனுப்புறியள்?" என்று கேட்டார். மகரகமையில்தான் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நியாயமான கேள்வி. 'உறைவு' என்று சொன்னால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து இதைக் கரைக்காது. புற்றுக்கான மருந்தைச் சில வாரங்கள் ஏற்றிச் சுருக்கி, அதன் பிறகே சிறுநீரகத்தோடு சேர்த்து எடுப்பார்கள். அப்போதும் சோணையறையில் மிச்சம் இருந்தால், இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம்.

நான் முன்வைப்பது 'கட்டிக்கொடி'. வேர் சிறுநீரகத்தில், நுனி நாளத்தில். வேலியில் ஏறும் முசுட்டையைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. அதைவிட முக்கியம், அதிலிருந்து மற்றச் சொற்களும் தானாகக் கிளைக்கின்றன. சத்திரசிகிச்சை நிபுணர் அறிய விரும்புவது, கொடி நாளச் சுவரைப் பற்றியிருக்கிறதா, சும்மா மிதக்கிறதா, நுனி ஈரலுக்குக் கீழேயா மேலேயா என்பதுதான். 'கொடிப்பற்று', 'கொடிநுனி', 'கொடித்துண்டு' என்று எழுதிவிடலாம். நாங்கள் நாளம் என்பதைத் தமிழகத்து நண்பர்கள் சிரை என்பார்கள். இந்தச் சொல்லில் அந்தச் சிக்கலும் இல்லை.

கொடி நாட்டுப்புறச் சொல், கலைச்சொல்லுக்கு ஆகாது என்று ஒருவர் எழுதியிருந்தார். சோணையறை எங்கிருந்து வந்தது? காதுச் சோணையிலிருந்துதானே. தொப்புள்கொடியோடு குழம்பும் என்பது கவனிக்க வேண்டிய மறுப்பு. அதனால்தான் தனியே 'கொடி' என்று எழுதாமல், முதல் தடவையாவது 'கட்டிக்கொடி' என்று முழுதாக எழுதக் கேட்கிறேன்.

இன்னொன்று. 'இதயச் சிக்கல்' என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போடவேண்டாம். சிறுநீரகம் ரெனின் என்ற சுரப்பைக் கூடுதலாகச் சுரப்பதால் ஏறும் இரத்த அழுத்தம் இதயத்தை வருத்துவது வேறு. டொக்சோரூபிசின் என்ற புற்று மருந்தால் இதயத்தசை நலிவது வேறு. அது சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். பிள்ளை சுகமாகி முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் எக்கோ (இதய ஸ்கான்) பார்க்கக் கூப்பிடுவது இதற்காகத்தான். அந்த நலிவுக்கு 'மருந்துவழி இதயத்தசை நலிவு' என்பது என் யோசனை. நீளம்தான், சுருக்கமாக யாரிடமும் இருந்தால் எழுதுங்கள்.

கட்டிக்கொடிக்கான வரையறை: சிறுநீரகக் கட்டி நாளத்தினுள் தொடர்ச்சியாக வளர்ந்து நீளும் பகுதி. மறுப்பு இருந்தால் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.