மின்னஞ்சலில் அனுப்பும் எழுத்துக் கோலம் கலையாமல் இருக்க வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் மார்கழிக் கோலப் போட்டிக்கான மாதிரிகளை, புள்ளி, சாய்கோடு, அடிக்கோடு போன்ற விசைப்பலகைக் குறிகளால் மட்டுமே நோட்பேடில் வரைந்து, பங்கேற்பவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். என் திரையில் கச்சிதமாக நிற்கும் கோலம் அவர்களிடம் போய்ச் சேரும்போது உருக்குலைந்துவிடுகிறது. குறிப்பாக, 7 புள்ளியில் தொடங்கி 4 வரை செல்லும் ஊடுபுள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு வரிசையும் சற்று உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். ஆனால், சிலருக்கு எல்லா வரிசைகளும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தெரிகின்றன.

எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களுக்கான குறிமொழி) வடிவில் தொடர் இடைவெளிகள் ஒன்றாகச் சுருங்கிவிடும் என்பதும், கூரியர் நியூ போன்ற சம அகல எழுத்துரு இல்லையெனில் புள்ளியும் அடிக்கோடும் வெவ்வேறு அகலத்தில் அமையும் என்பதும் தெரிந்தவையே. அதனால் டேப் விசையைத் தவிர்க்கிறேன். மின்னஞ்சல் நெறிமுறை பரிந்துரைக்கும் 78 எழுத்துகளுக்குள் வரிகளையும் அடக்குகிறேன். வெற்று உரையாக அனுப்பினாலும், பெறுபவரின் செயலி தனக்குப் பிடித்த எழுத்துருவிலேயே காட்டுகிறது. (தமிழ் எழுத்துகளைக் கோலத்துக்குள் சேர்க்கும் ஆசையை எப்போதோ விட்டுவிட்டேன்.)

படமாக அனுப்பலாமே என்பீர்கள். பெறுபவர்கள் கோலத்தைத் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால் அது உதவாது. ஜிமெயிலில், இடைவெளிகளை அப்படியே காட்டும் ப்ரீ (pre) என்ற எச்டிஎம்எல் குறிச்சொல்லுடன் கூடிய உரையை எளிதாக இடுவதற்கு வழி உண்டா? கைப்பேசியின் குறுகிய திரையிலும் வரி மடங்காமலிருக்க எத்தனை எழுத்துகளுக்குள் வரைய வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.